விண்கலத்துக்குள் என் முழங்கால்கள்

உயரமாகப் பிறந்ததில் என் உழைப்பு எதுவும் இல்லை. ஆனாலும் அறுபது வயதுவரை அதை ஒரு பட்டம்போலச் சுமந்து திரிந்தேன். (ஆறடி இரண்டங்குலம். யாரும் கேட்காமலேயே சொல்வேன்.)

மகள் தாரணி தான் விரும்பிய ரமணனை ஜெர்மனியின் ஹம் நகரிலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். நல்ல வேலை, நல்ல குணம். எல்லாம் பார்த்துவிட்டு நான் தீர்ப்பு வழங்கினேன்: "உயரம் காணாது." மகளைவிட நான்கு விரல் குறைவு. கல்யாணப் படம் எப்படி இருக்கும்?

"மருமகன் எடுக்கிறியளோ, கமுகமரம் எடுக்கிறியளோ?" என்றாள் மனைவி. நான் அசையவில்லை. மாதக்கணக்கில் தாரணியையும் ரமணனையும் காக்க வைத்தேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எப்படியாவது நான் அவனோடு பழகட்டும் என்று, ஒரு ஞாயிறு தாரணி அவனையும் எங்கள் இருவரையும் அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஆரம்பகால விண்கலம் ஒன்றின் மாதிரி இருந்தது, ஏறி உட்காரலாம். அந்தக் காலத்துக் கலம் அவ்வளவு சிறியது, ஆறடி ஆட்களைத் தேர்ந்தெடுக்கவே இல்லை என்று அங்கே நின்ற ஜெர்மன் பெண் விளக்கினாள்.

"கேட்டீங்களே அப்பா? இவரை எடுத்திருப்பினம். உங்களை வாசலிலயே திருப்பி அனுப்பியிருப்பினம்."

"ஆர் சொன்னது? நான் ஏறிக் காட்டுறன்."

ஏறினேன். (ஏறுவதில் ஒரு சிரமமும் இல்லை.) இறங்கப் பார்த்தால், முழங்கால்கள் கருவிப் பலகைக்கு அடியில் இறுகிவிட்டன. வெளியே ஏறக் காத்திருந்த சிறுவர்களின் வரிசை. "இந்தத் தாத்தா பொம்மையா?" என்று ஒரு சிறுமி ஜெர்மன் மொழியில் கேட்டாள். அருங்காட்சியகப் பெண் தீயணைப்புப் படையை அழைக்கத் தொலைபேசியை எடுத்தாள்.

"அங்கிள், அசையாதேங்கோ. நான் உள்ளுக்க வாறன்."

எனக்கும் சுவருக்கும் நடுவில் மிச்சமிருந்த இடத்தில் புகக்கூடியவன் ரமணன் ஒருவன்தான். தலைகீழாக நுழைந்து, என் சப்பாத்துகளைக் கழற்றி, ஒவ்வொரு காலாகத் திருப்பி எடுத்தான். ஓட்டைக் காலுறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் பெருவிரல் அவன் மூக்கில் இடித்தது. அதை அவன் இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

தரையில் வந்து விழுந்தேன். கிடந்தபடியே, "கல்யாணத்தை எப்ப வைப்பம், தம்பி?" என்றேன்.

"முதல்ல எழும்புங்கோ," என்றாள் மனைவி.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் கார் வாங்கப் போனாலும் என்னையும் கூட்டிப்போகிறார்கள். முதலில் பின்னிருக்கையில் என்னை இருத்திப் பார்ப்பார்கள். "அப்பா வெளியில வந்திட்டாரெண்டா வாங்கலாம்" என்பாள் தாரணி. விற்பவர் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள்.

ரமணன் மட்டும் சிரிப்பதில்லை. கதவடியில் கையை நீட்டியபடி நிற்பான்.