நான் போகாத கார் வகுப்பு

உலகத்தில் யார் வேண்டுமானாலும் கார் ஓட்டட்டும். நான் ஓட்ட மாட்டேன். இது முடிவு.

காரணம் இருக்கிறது. கண் மங்கிவிட்டதென்று என் மாமனார் தன் காரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். "மாப்பிள்ளை ஓட்டப் பழகினதும் அவருக்கேதான்" என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை பழகினால் என்ன ஆகும்? என் மனைவி ருதைனாவுக்கு அம்மான் நகரத்தில் பாதிப் பேர் சொந்தம். மீதிப் பேர் பக்கத்து ஊர் ஸர்காவில். கல்யாணம், பிரசவம், பல்வலி எல்லாவற்றுக்கும் நான் சம்பளமில்லாத டிரைவர்.

ருதைனா விடுவதாக இல்லை. மூத்தவன் தைசீரின் அப்பா என்பதால் என்னை அபூ தைசீர் என்றுதான் கூப்பிடுவாள்.

"நீங்க கத்துக்கிட்டே ஆகணும், அபூ தைசீர். கார் கத்துக்கொடுக்கிற அபூ காலிப்கிட்ட பேசிட்டேன். தினம் சாயங்காலம் வாசல்ல வந்து ஹாரன் அடிப்பார்."

ஆகணுமாம். தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். ஹாரன் கேட்பதற்கு முன்பே பின்வாசல் வழியாகக் காப்பிக்கடைக்கு நழுவிவிட்டேன். ஒரு ஹூக்கா, நாலு ஆட்டம் சீட்டு. அன்று மட்டுமல்ல, தினமும். இருட்டிய பிறகு நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைவேன்.

"அப்பாடா. கிளட்சை மிதிச்சு மிதிச்சுக் கால் போச்சு."

"பாவம். மேட்டுல நிறுத்தி எடுத்தீங்களா?"

"எடுத்தேனே. ஒரு உலுக்கல் கிடையாது."

"உங்களுக்கா வராது" என்று இன்னொரு கரண்டி சோறு போடுவாள். அவளைச் சுலபமாக ஏமாற்றிவிட்டேனே என்று எனக்கே பரிதாபமாக இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாமனார் வந்தார். "அஜ்லூன் காட்டுக்குப் போய்க் கறி சுடலாம். மாப்பிள்ளை ஓட்டட்டும்" என்று சாவியை நீட்டினார்.

நெஞ்சை நிமிர்த்தினேன்.

"எனக்கு ஓட்டத் தெரியாது மாமா. ஒரு வகுப்புக்கும் போகல. இனிமேலும் போக மாட்டேன். இந்த நஸ்மி யாருக்கும் டிரைவர் இல்ல."

ருதைனா நிதானமாகக் கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தாள். லைசென்ஸ். அவள் படம், அவள் பெயர்.

"இது எப்படி?"

"வாசல்ல வந்து ஹாரன் அடிக்கிறவரைத் திருப்பி அனுப்பறது மரியாதையா? நான் ஏறிக்கிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான் கத்துக்கறேன்னா கூடாதுன்னு நிப்பீங்க. அதான் உங்களைக் கத்துக்கச் சொன்னேன்."

சாவி அவள் கைக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. காருக்காக இல்லை. அத்தனை நாள் அது என் சொந்தப் பிடிவாதம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் மாமனார். பின்னால் பிள்ளைகள் இருவரும். சுட்ட கறி என்றால் எனக்கு உயிர். அதற்காக மானத்தை விடுவதா?

"நீங்க வந்தே ஆகணும், அபூ தைசீர்" என்றாள்.

"முடியாது. பொண்டாட்டி ஓட்டற வண்டியில காலை வைக்க மாட்டேன்."

"சரி" என்று அவள் ஹாரன் அடித்தாள். மசாலாவில் ஊறிய கறிச்சட்டியோடு மாடிப்படியில் தயாராக நின்றிருந்த அவளுடைய சித்தி இறங்கிவந்து என் இடத்தில் உட்கார்ந்தாள்.