குழாய்க்குக் களிமண் பூசிய மாப்பிள்ளை

வெப்பக் கடத்தல் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன் கையில் வீட்டுக் குழாயைக் கொடுக்கக் கூடாது. அனுபவஸ்தன் சொல்கிறேன்.

அப்போது நான் விருத்தாசலத்தில், பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த என் மனைவி செல்வி, மார்கழிக் குளிரில் கைக்குழந்தையோடு வேப்பூரிலிருந்து வந்தாள். கூடவே மாமியார். வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தார். மாடி சோலார் ஹீட்டரிலிருந்து தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வந்தது.

"புள்ளைக்கு இந்தச் சூடு பத்தாதுங்க மாப்ள. தை பொறக்கட்டும், நானே கூட்டியாந்து வுடுறேன்."

மகளை அன்றுதான் ஆசைதீரத் தூக்கியிருந்தேன். மறுபடி அனுப்ப மனசு வருமா? "நாளைக்குக் காலையில பாருங்க அத்தை, கொதிக்கும்" என்றேன். (வாய் சும்மா இருந்தால்தானே!)

பீங்கானுக்குப் பேர்போன இந்த ஊர்க்காரனுக்குக் களிமண்ணைத் தவிர வேறென்ன தோன்றும்? முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, மாடியிலிருந்து இறங்கும் விரல் மொத்தக் குழாயைத் தொடை மொத்தத்துக்கு அப்பிவிட்டேன். சுவர் தடித்தால் சூடு வெளியே போகாது, குழாயும் அப்படித்தானே என்பது என் கணக்கு.

காலையில் மாமியார் குழாயடியில் கை நீட்டினார்.

"நேத்தே தேவலாங்க மாப்ள."

அப்புறம்தான் உறைத்தது. சுவருக்குத் தடிமன் பார்த்தால் போதும், குழாய்க்கு ஆரத்தையும் பார்க்க வேண்டும். ஒல்லிக் குழாயில் மண் அப்ப அப்ப ஆரம் கூடும், காற்றுபடும் மேற்பரப்பும் கூடும். சூட்டைத் தடுப்பதில் களிமண் சுமார்தான், ஆகவே காப்பாற்றியதைவிடக் காற்றுக்கு வாரிக் கொடுத்ததே அதிகம். பரீட்சையில் இதையே பக்கம் பக்கமாக எழுதியவன் நான்! மாமியாரிடமும் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழந்தைத் துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தார்.

செல்வி பையைப் பிடித்துக்கொண்டாள். "யம்மா, சுடுதண்ணி அடுப்புல வச்சிக்கலாம். இவர தனியா வுட்டா வூடு முழுக்க மண்ணு பூசிடுவாரு. நான் இங்கியே இருக்கறன்."

மாமியார் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அடுப்பு பற்றவைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அந்தக் கைக்குழந்தை இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். ஸ்வெட்டருக்கு மேல் நான் ஒரு சால்வை போர்த்திக்கொண்டால் போதும், "பாத்துப்பா, ஆரம் கூடுது, ஜன்னி வந்துடும்" என்கிறாள். சொன்ன கையோடு வேப்பூருக்குப் போன் போடுகிறாள். அங்கே என் மாமியார் சிரிப்பது இந்த அறை வரைக்கும் கேட்கிறது.