வண்டியில் தூங்குவோர் தடுப்புத் துறை

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர்கள் யாரோ தெரியாது. ஆனால், ஏழைகள் தூங்கினால் இயற்கை அழகு கெட்டுப்போகும் என்ற பேருண்மையைக் கண்டுபிடித்த பெருமை, கொலராடோ மலைமேல் இருக்கும் கார்வர் பீக் நகரமன்றத்தையே சேரும்.

'நகர எல்லைக்குள் சக்கரம் பொருத்தப்பட்ட எதனுள்ளும் எவரும் உறங்கலாகாது' என்று மன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பனிமலையை ரசிக்க வரும் கண்ணியவான்களின் கண்ணில், ஜன்னலில் ஈரத்துண்டு தொங்கும் வண்டி எதுவும் பட்டுவிடக் கூடாது என்பது அதன் உயர்ந்த நோக்கம். கண்ணியவான்கள் கிறிஸ்துமஸை ஒட்டிச் சில நாள் வந்து தங்குவார்கள். மற்ற மாதங்களில் அவர்களுடைய மாளிகைகள் தாமே விளக்குப் போட்டுக்கொண்டு, தாமே கணப்பு மூட்டிக்கொண்டு, வம்புதும்புக்குப் போகாமல் மிகுந்த ஒழுக்கத்துடன் நிற்கும்.

சட்டத்தைக் காக்க ஒரு துறையும் ஏற்படுத்தப்பட்டது. துறை என்றதும் தலைவர், துணைத்தலைவர், எழுத்தர், அவர்களுக்குக் காப்பி வாங்கிவர ஓர் ஆள் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எல்லாமே ட்வைலா ஹட்சின்ஸ் என்ற ஒரே பெண்மணிதான்.

ட்வைலாவைப் போல ஓர் அதிகாரியை எந்த அரசாங்கமும் கனவில்கூடக் கண்டிருக்காது. பொழுது புலரும்போதே கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வண்டிக் கண்ணாடியின் உட்புறம் பனி பூத்திருந்தால், உள்ளே யாரோ 'சட்டவிரோதமாக' மூச்சுவிட்டிருக்கிறார்கள். கூரையில் பனி நடுவில் மட்டும் இளகியிருந்தால், உள்ளே அடுப்பு எரிந்திருக்கிறது. கதவைத் தட்டி, "காலை வணக்கம், நீங்க தூங்கியிருக்கீங்க" என்று பணிவாகச் சொல்லி நோட்டீஸை நீட்டுவாள். யாராவது கெஞ்சினால், "சட்டம்னா சட்டம்தானேங்க" என்பாள். அதை அவள் உண்மையிலேயே நம்பினாள். அதுதான் அவளிடம் இருந்த ஒரே கோளாறு.

இப்படிப்பட்டவளுக்கு அந்த இலையுதிர் காலத்தில் அடுத்தடுத்து இரண்டு கௌரவங்கள் வந்து சேர்ந்தன. முதலாவதை வீட்டுக்காரர் பென்ஹாலோ, கையில் வாழைப்பழக் கேக்கோடு வந்து வழங்கினார்.

"உன்னை மாதிரி ஒரு குடித்தனக்காரி எனக்குக் கிடைக்கவே மாட்டா, ட்வைலா. அதனாலதான் வேற யாரையும் குடிவைக்கப் போறதில்ல. விடுமுறைக்கு வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விடப் போறேன்."

"அப்போ நான் எங்க போறது?"

"கேக்கைச் சூடா இருக்கும்போதே சாப்பிட்டுடு" என்றார் அவர் அன்போடு.

இரண்டாவதை மன்றத் தலைவி மெரிடித் கால்டர்வுட் தொலைபேசியில் வழங்கினார். ட்வைலாவின் அலுவலக அறை, சுற்றுலாப் பயணிகளுக்கான 'மூச்சுப் பயிற்சி மைய'மாக உயர்த்தப்பட்டுவிட்டதாம். இனி அவளுக்கு 'வீட்டிலிருந்தே பணி'.

"எனக்கு இப்போ வீடே இல்லையே மேடம்."

"இன்னும் நல்லதாப் போச்சு. கவனத்தைக் கலைக்க எதுவும் இருக்காது."

"வேற ஊர்ல வீடு பார்த்துட்டு வந்துபோகலாமா மேடம்?"

"விதி தெரியாதா ட்வைலா? நகர ஊழியர்கள் நகர எல்லைக்குள்ளதான் குடியிருக்கணும். உள்ளூர்க்காரங்களோட கஷ்டம் உள்ளூர்க்காரங்களுக்குத்தான் புரியும்" என்றார் மெரிடித். அவருக்குப் பின்னால் கடல் அலைச் சத்தம் கேட்டது.

கார்வர் பீக்கில் ட்வைலாவின் சம்பளத்துக்கு ஒரு கோழிக்கூடுகூட வாடகைக்குக் கிடைக்காது. எல்லைக்கு வெளியே போனால் வேலை போகும். வேலை போனால் மூட்டுவலி ஊசிக்கு இருக்கும் காப்பீடும் போகும். எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய பழைய வீட்டுவண்டி ஒன்றை வாங்கி, அதிலேயே குடித்தனமும் அலுவலகமும் நடத்துவது. அதாவது எந்தக் குற்றத்தைத் தடுக்கச் சம்பளம் வாங்குகிறாளோ, அந்தக் குற்றத்தின் உள்ளே உட்கார்ந்துகொண்டு அதைத் தடுப்பது.

மலையடிவாரத்தில் வெர்ன் டட்டில் என்பவர் பழைய வீட்டுவண்டிகளை விற்றுவந்தார். மேட்டில் நின்ற முதல் வண்டியின் கதவை முதலிரவு அறைக் கதவைத் திறப்பது போலத் திறந்து காட்டினார்.

"ஒரே ஒரு வயசான ஜோடி ஓட்டினது மேடம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் போயிருக்கு."

"மைல் கணக்கு பூமியை நாலு சுத்து சுத்தி வந்த மாதிரி காட்டுதே."

"சர்ச் கொஞ்சம் தூரம்."

ட்வைலா கழுவுதொட்டிக்கு அருகே தரையைக் குதிகாலால் அழுத்தினாள். தரை பொதபொதவென்று உள்ளே போனது.

"அமுங்குதே."

"நின்னுகிட்டே சமைக்கிறவங்களுக்குக் கால் வலிக்கக் கூடாதில்ல?"

கூரை மூலையில் பழுப்பாகப் படர்ந்திருந்த தண்ணீர்க் கறையை அவள் விரலால் காட்டினாள். அது அந்தக் காலத்து வேலைப்பாடு என்றார் வெர்ன். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தது. அதற்கும் ஏதோ ஒரு சிறப்பு இருப்பதாகச் சொன்னார்.

அடுத்த வண்டி உள்ளுக்குள் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே பழுப்பு நிற அலைகளும் அவற்றுக்கு மேல் இறக்கையை விரித்த கழுகும் வரைந்திருந்தார்கள்.

"சுதந்திரத்தோட சின்னம் மேடம்."

"அதனாலதான் வேண்டாங்கறேன். கண்ணுல படாத மாதிரி ஏதாவது இருக்கா?"

வெர்ன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே ஒரு வெள்ளை வண்டி நின்றது. முன்பு நடமாடும் பல் மருத்துவமனையாக இருந்ததாம். சுவர் கனமானது, ஜன்னல் சின்னது, தரை கல் மாதிரி இருந்தது, எழுதுவதற்கு மேசைகூட இருந்தது. ட்வைலா குதிகாலால் மிதித்துப் பார்த்தாள், அலமாரிகளை முகர்ந்து பார்த்தாள், ஜெனரேட்டரை ஓடவிட்டுக் காதுகொடுத்தாள். பிறகு வெளியே வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வெர்ன் ஷூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

"கார்வர் பீக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம். நான் உள்ள போய்ப் படுத்துக்கறேன், நீங்க வெளிய நின்னு கேளுங்க. சாதாரணக் குறட்டை போதுமா, சளி பிடிச்ச குறட்டையும் வேணுமா?"

"நான் கார்வர் பீக்குன்னு எப்படித் தெரியும்?"

"உங்க ஊர்க்காரங்க எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. ஹெட்மாஸ்டர் அம்மா, மருந்துக்கடைக்காரர், பனி தள்ளுற ஆரின், தீயணைப்புப் படைத் தலைவர். எல்லாருக்கும் வெள்ளை வண்டி, சத்தம் வெளிய கேக்கக் கூடாது, கூரை சூடாகக் கூடாது. எல்லாம் அந்தப் பொம்பளைக்குப் பயந்துதான்."

"எந்தப் பொம்பளை?"

"பேர் தெரியாது. விடியக்காலையில வந்து கூரையைப் பாக்குமாம், மோப்பம் பிடிக்குமாம். மனசுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதாம்."

"அவ சட்டப்படி நடக்கறா" என்றாள் ட்வைலா. குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என் முன்னாள் மாமியாரும் அப்படித்தான் சொல்லிக்கும். நீங்க கவலைப்படாதீங்க. கழிவுநீர் நிலையத்துக்குப் பின்னாடி நிறுத்துங்க. அந்த நாத்தத்துல அதுக்கு மூக்கு வேலை செய்யாது."

ட்வைலாவுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை காலமாக அவள் பிடித்ததெல்லாம் வழி தெரியாத வெளியூர் நாடோடிகளை. தினமும் எதிரே பார்த்துச் சிரித்த மனிதர்களோ, அவள் காலடிச் சத்தத்துக்குப் பயந்து ஒண்டுவதற்கு இடம் தேடி அலைந்திருக்கிறார்கள். வெள்ளை வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டு மலை ஏறும் வழியெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் வண்டி நன்றாகத்தான் இழுத்தது.

கழிவுநீர் நிலையத்துக்குப் பின்னால் ஒளிய அவளுக்கு மனம் வரவில்லை. மன்றக் கட்டடத்துக்கு எதிரிலேயே வண்டியை நிறுத்தி, 'வண்டியில் தூங்குவோர் தடுப்புத் துறை, தலைமை அலுவலகம்' என்று அட்டை எழுதி மாட்டினாள். மறுநாள் காலையில் இறங்கிப் பார்த்தால், கூரையின் நடுவில் பனி இளகியிருந்தது. விதிப்படி இருமுறை கதவைத் தட்டினாள். உள்ளிருந்து பதில் இல்லை. தலைமை அலுவலகத்தின் மேல் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனாள், அதாவது மறுபடியும் உள்ளே ஏறினாள்.

இந்த அவலத்தை விசாரிக்க மன்றம் அவசரமாகக் கூடியது. உறுப்பினர்கள் சுவரில் இருந்த திரையில் தோன்றினார்கள். ஒருவருக்குப் பின்னால் தென்னை மரம், ஒருவருக்குப் பின்னால் நீச்சல் குளம். அறையில் நேரில் உட்கார்ந்திருந்தது ஊழியர்கள் மட்டும்தான்.

"நகரத்துக்கே தலைகுனிவு" என்றார் மெரிடித். "யார் அந்த ஆள், ட்வைலா?"

"நான்தான் மேடம்."

"நாங்க ஒண்ணும் இரக்கமில்லாதவங்க இல்ல. வண்டியில நீ தாராளமா உக்காரலாம், சமைக்கலாம், ஃபைல் பாக்கலாம். கண்ணை மட்டும் மூடாத."

"எத்தனை நாளைக்கு மேடம்?"

"ஓய்வு பெறற வரைக்கும்."

டால்ஃபின்கள் ஒரு கண்ணை மட்டும் மூடித் தூங்குவதைத் தென்னை மர உறுப்பினர் சுட்டிக்காட்டினார். அப்படித் தூங்கினால் அரைக் குற்றமாகக் கொள்ளலாமா என்று ஆழ்ந்த விவாதம் நடந்தது. முடிவு ஒத்திவைக்கப்பட்டது.

"வேற யாராவது இப்படித் தூங்கறாங்களா?" என்று மெரிடித் கேட்டார்.

ட்வைலா அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஹெட்மாஸ்டர் அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீயணைப்புப் படைத் தலைவர் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'சட்டம்னா சட்டம்தான்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"யாரும் இல்ல மேடம்" என்றாள். பணியில் அவள் சொன்ன முதல் பொய்.

பனி தள்ளும் ஆரின் தன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அவ பொய் சொல்றா. இந்த ரூம்ல இருக்கற அத்தனை பேரும் வண்டியிலதான் தூங்கறோம். இவளுக்குப் பயந்து இடம் மாத்தி மாத்தி நிறுத்தி என் முதுகே போச்சு. இனிமேயாவது ஒரே இடத்துல நிறுத்த விடுங்க."

மன்றம் அவருடைய முதுகைக் கருணையோடு பரிசீலித்தது. தூங்கப்பட்ட வண்டிகள் யாவும் வார இறுதிக்குள் நகர எல்லைக்கு வெளியே 'ஒரே இடத்தில்' நிறுத்தப்பட வேண்டும் என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அவ்வாறு வெளியேறுவோர் நகரவாசிகள் அல்லர் என்பதால், அவர்களுடைய பணி நன்றியுடன் முடித்துவைக்கப்பட்டது. அவர்கள் திரும்பி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ட்வைலாவுக்கு மட்டும், பொதுநலன் கருதி, ஆண்டு முடியும் வரை வேலை நீட்டிக்கப்பட்டது.

கார்வர் பீக் ஒருவழியாகத் தூய்மையடைந்தது. எங்கும் குறட்டை இல்லை, புகை இல்லை, துண்டு இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடச் சத்தம் இல்லை, மருந்துக்கடையில் மருந்தும் இல்லை. அழகு மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கண்ணியவான்கள் குடும்பத்தோடு, மன்ற உறுப்பினர்கள் முன்னே வர, வரிசையாக மலையேறினார்கள். எல்லைப் பலகை வரைக்கும் மாநிலத்து ஆட்கள் பனியை வாரியிருந்தார்கள். அதற்கு உள்ளே வாருவது நகரத்தின் வேலை. நகரத்தின் பனி தள்ளும் வண்டியோ ஓட்ட ஆளில்லாமல் கொட்டகையில் கிடந்தது. பலகையைத் தாண்டிய கார்கள் இடுப்பளவு பனியில் சிக்கின. பின்னால் வந்தவை முன்னால் நின்றவற்றை அடைத்துக்கொண்டன. முன்னேயும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அதற்குள் இருட்டிவிட்டது.

விடிந்தபோது எல்லைக்கு வெளியே வெள்ளை வண்டிகளின் அருகே ஆரின் அப்பம் வார்த்துக்கொண்டிருந்தார். ட்வைலா தொப்பியை மாட்டிக்கொண்டு நோட்டீஸ் கட்டை எடுத்தாள்.

"விட்டுடு ட்வைலா. பாவம், விறைச்சுப் போயிருப்பாங்க."

"அதான் தெரியுதே. காப்பிப் பாத்திரத்தைக் கொடு. முதல்ல அதைக் கொடுத்துட்டு அப்புறம் இதைக் கொடுக்கறேன்."

முதல் காரின் கதவைத் தட்டினாள். மெரிடித் கால்டர்வுட் கண்ணாடியை இறக்கினார். கன்னத்தில் இருக்கையின் தையல் பதிந்திருந்தது. காப்பியை இரண்டு கையாலும் வாங்கி, சூடு பாராமல் குடித்தார்.

"காலை வணக்கம் மேடம். நீங்க தூங்கியிருக்கீங்க."

"என்ன ட்வைலா இது, எங்களைப் போய் இப்படி..." மெரிடித் விரலால் மேட்டைக் காட்டினார். எல்லா ஜன்னல்களிலும் விளக்கெரிய, புகைபோக்கியில் புகை சுருள ஒரு மாளிகை நின்றது. "எனக்கு இங்க வீடு இருக்கு. அதோ, தெரியுதில்ல?"

"தெரியுது மேடம். ஊருக்கே தெரியுது. அதுல யார் தூங்கறாங்க?"

"இப்போ யாரும் இல்ல."

"ஆளில்லாத வீட்டுக்கு நீங்க சட்டம் போடல மேடம். இதுக்குத்தான் போட்டிருக்கீங்க" என்று சொல்லி, நோட்டீஸை அவர் மடியில் வைத்துவிட்டு, ட்வைலா அடுத்த காரைப் பார்க்கப் போனாள்.