நீந்தத் தெரிந்த ஆந்தை

“கண்ணைக்கூட சிமிட்ட மாட்டேங்குதே?”

“பகல்ல ஆந்தை எதுக்குங்க சிமிட்டணும்? தூங்குது.”

“கண்ணைத் திறந்துக்கிட்டா?”

“நீங்க கூட்டத்துல தூங்கறது இல்லையா தலைவரே, அந்த மாதிரிதான்.”

சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பறவை பார்ப்போர் சங்கத் தலைவரிடம் வாய் கொடுத்துத்தான் ஏற்கெனவே கடை ஈயாடிக்கொண்டிருந்தது.

போன ஞாயிறு இதே ஏரிக்கரையில், இதே பட்டமரத்தில், காதோரம் கொம்பு மாதிரி முடி நீட்டிக்கொண்டு ஒரு பெரிய ஆந்தை உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார். ஓடிப்போய்ச் சங்கத்தைக் கூட்டிவருவதற்குள் கிளை காலி. “ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறவர், தனக்கும் ஒண்ணு போட்டுக்கலாமே” என்றார் தலைவர். அந்த ஒரு வார்த்தை ஊரைச் சுற்றிவிட்டுக் கடை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது. கண் சோதிக்க வந்த ஒருவர் எழுத்துப் பலகையைக் காட்டி, “முதல்ல நீங்க படிங்க, கேப்போம்” என்றார்.

அதனால் இன்று எல்லாரும் வருவதற்கு முன்னாலேயே மைத்துனனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கிளை மறுபடியும் காலி. ஆனால் மைத்துனனின் பை காலியில்லை.

“எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கினேன் மாமா. தூரத்துலேர்ந்து பாத்தா அசல்தான்.”

பிளாஸ்டிக் ஆந்தை பொம்மை. கடைக்காரர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. நிஜமாகப் பார்த்ததைத்தானே திரும்பக் காட்டுகிறோம், இதில் பொய் எங்கே இருக்கிறது?

இப்போது சங்கமே தொலைநோக்கியும் கையுமாக நின்றது. அக்கரையில், மீன் வளர்க்கும் அம்மாள் நீர்க்காகங்களை விரட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். மூக்குக்கு முன்னால் பறந்த கொசுவைத் தலைவர் இரு கைகளாலும் பட்டென்று அடித்தார்.

“ஹூஊம்!” என்றது ஆந்தை. கண் இரண்டும் மஞ்சளாக எரிந்தன.

சங்கத்துக்குப் புல்லரித்தது. கடைக்காரருக்கு வியர்த்தது.

“டேய், இது கத்துமா?”

“கை தட்டினா கத்தும் மாமா. கொடுத்த காசுக்கு அதுகூட வேணாமா?”

அதற்குள் சங்கம் சந்தோஷத்தில் கை தட்டத் தொடங்கிவிட்டது. ஆந்தை மூச்சுவிடாமல் கூவியது. “தட்டாதீங்க, பயந்துடும்!” என்று கடைக்காரர் கெஞ்சினார். பயந்தது ஆந்தையல்ல. மரப்பொந்தில் தூங்கிக்கொண்டிருந்த உடும்பு ஒன்று, இதென்னடா வம்பு என்பதுபோல் தலையை நீட்டியது. பிறகு தொடை கனத்துக்கு ஒரு வால், நின்று நிதானமாக வெளியே வந்தது.

“உடும்பு! இந்தக் கரையில உடும்பே கிடையாதுன்னு நான் மேடையில பேசியிருக்கேனே!” என்றார் தலைவர்.

உடும்பு ஆந்தையை நக்கிப் பார்த்தது.

“ஐயோ, தின்னுடப் போகுது! காப்பாத்துங்க!”

மைத்துனன் உதவி செய்தான். அவன் எறிந்த கல் உடும்பை விட்டுவிட்டு ஆந்தையின் மண்டையில் பட்டது. ஆந்தை தலைகீழாக ஏரியில் விழுந்தது.

அப்பாடா, முழுகித் தொலையட்டும் என்று கடைக்காரர் கண்ணை மூடினார். திறந்தபோது அது அம்சமாக மிதந்துகொண்டிருந்தது.

“நீந்துது!” தலைவரின் குரல் தழுதழுத்தது. “ஆந்தை நீந்துதுய்யா!”

“குளிக்குதுங்க. குளிக்கறப்ப பாக்கறது நல்லாவா இருக்கு? வாங்க கிளம்பலாம்.”

யாரும் கிளம்பவில்லை. கோரைப்புல் விலகி, மீசை வைத்த தலைகள் வரிசையாக எட்டிப்பார்த்தன. நீர்நாய்கள்! அப்பனும் ஆத்தாளும் குட்டிகளுமாக ஒரு குடும்பமே வந்து ஆந்தையைச் சூழ்ந்தது. ஒன்று மல்லாந்து படுத்து அதை மார்பில் ஏந்திக்கொண்டது. சங்கத்தில் ஜென்மப் பகையாளிகள் இருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

தலைவர் கண்ணீரைத் துடைத்துவிட்டுக் கடைக்காரரின் கையைப் பிடித்தார். “கண்ணுன்னா உம்ம கண்ணுதான்யா கண்ணு! இனிமே எங்க குடும்பம் மொத்தத்துக்கும் உம்ம கடையிலதான் கண்ணாடி. நாளைக்கே பத்திரிகைக்காரங்களை வரச்சொல்றேன். முதல்ல அந்த ஆந்தையைப் பக்கத்துல போய்ப் பாத்துடுவோம்!”

பக்கத்துல. பிளாஸ்டிக் தெரிந்துவிடுமே. நீர்நாய்கள் பொம்மையை அக்கரைக்கு இழுத்துப் போய்க்கொண்டிருந்தன. கடைக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்து, கரையைச் சுற்றி ஓடினார். “இருய்யா, நானும் வரேன்!” என்று பின்னாலேயே தலைவர்.

மீன்கார அம்மாள் ஏற்கெனவே பொம்மையைக் கையில் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதை இங்க குடுங்க.” மூச்சு வாங்கியது. “நான் பொய் சொல்றவன் இல்ல. போன ஞாயித்துக்கிழமை அந்த மரத்துல நிஜமாவே ஒரு ஆந்தையைப் பாத்தேன். யாருமே நம்பல. அதான் இப்படி ஆயிடுச்சு.”

அவள் மரத்தைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. தலைவரின் காலடிச் சத்தம் புதருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

“அட, அது நீர்க்காகத்தை விரட்ட நான் வச்ச பொம்மைண்ணே, அன்னிக்கே காத்துல தண்ணியில விழுந்து, இந்த நீர்நாய்ங்க தூக்கிட்டுப் போயிடுச்சு! இது நல்லா சத்தமும் போடுதே, இதை நானே வச்சுக்கட்டுமா?”