குடை பிடித்த உளவாளி

யோகசீலன் முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் அடித்தான். கம்பனி அணிக்கு ஆள் பிடிக்கும் நாகேந்திரத்தால் அதை ரசிக்க முடியவில்லை.

காரணம், பக்கத்து வாங்குப் பலகையில் குடையோடு இருந்த பெரியவர் பந்தைப் பார்க்கவேயில்லை. யோகசீலனை மட்டுமே பார்த்தார்.

கொழும்புக் கம்பனிகளின் ஹொக்கி லீக்கில் வேலை கொடுத்துத்தான் ஆட்டக்காரனைச் சேர்ப்பார்கள். மூன்று ஆட்டம் பார்த்து, பெடியனை நிரந்தரமாக்கலாமா என்று நாகேந்திரம் சொல்லவேண்டும். அதற்குள் வேறு கம்பனி கொத்திக்கொண்டு போனால் தொலைந்தார். போன வருடம் கோல்காப்பாளனைப் பறிகொடுத்து டிரெக்டரிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதிலே நின்றது.

"தம்பி எந்த ஊராம்?" என்றார் குடைக்காரர்.

"ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிறவர் ஆட்டத்தைப் பற்றியல்லவா கேட்பார்? இது பெரிய கம்பனியின் ஆள்தான் என்று நாகேந்திரம் முடிவுகட்டினார்.

வெள்ளவத்தை வீட்டில் மனைவி பத்மாவதியும் தொடங்கினாள். "உங்கட புது ஹொக்கிப் பெடியன் எப்பிடி?"

"அது ஒப்பீஸ் ரகசியம். வாய் திறக்கமாட்டன்."

"மகளின்ர கலியாணத்துக்காவது வாய் திறவுங்கோவன். கனடா மாப்பிள்ளை வேண்டாமெண்டு அருந்ததி ஒற்றைக்காலில நிக்கிறாள்."

"லீக் முடியட்டும்."

இரண்டாவது ஆட்டத்துக்கு யோகசீலன் பிந்தி ஓடிவந்தான். சோதனைச்சாவடியில் அவனுடைய ஹொக்கி மட்டையை ஆமிக்காரர் மாறிமாறித் தட்டிப் பார்த்தார்களாம்.

"தம்பி குடிப்பாரோ?" என்றார் குடைக்காரர்.

ஆளை விரட்ட இதுதான் வழி என்று நாகேந்திரம் துணிந்தார். "காலமை தேத்தண்ணிக்குப் பதிலா அதுதான். பிந்தி வந்ததைப் பாத்தியள்தானே?"

குடைக்காரர் எழும்பிப் போகவில்லை. இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"அப்ப, வேலை நிரந்தரமில்லையோ?"

"எங்க நிரந்தரம்! நாளைக்கே நிப்பாட்டிப்போடுவம்."

சொன்ன பிறகுதான் நாகேந்திரம் நாக்கைக் கடித்தார். நாங்கள் விட்டால் இவர்கள் அள்ளிக்கொண்டு போகமாட்டார்களா?

ஆகவே மூன்றாவது ஆட்டத்தில் கேட்பதற்கு முன்பே கொட்டினார். "முழங்கால் ரெண்டும் போச்சுது. பொல்லாத கோவக்காரன். தாய் தேப்பனைத் திரும்பியும் பாக்கிறேல்லை."

யோகசீலன் மூன்று பேரை வெட்டிக்கொண்டு காற்றாய்ப் பறந்தான்.

"முழங்கால் போனவர் இப்பிடி ஓடுறாரே?"

"நோவில ஓடுறார், ஐயா."

குடைக்காரர் எழுந்து கைகூப்பினார். "நல்ல நேரத்தில சொன்னியள். ஒரு குடும்பத்தையே காப்பாத்திப்போட்டியள்."

கம்பனியைக் குடும்பம் என்கிறாரே, விசுவாசமான மனுசன் என்று நாகேந்திரம் வியந்தார்.

உடனே டிரெக்டருக்கு ரெலிபோன் எடுத்தார். "தங்கமான பெடியன் சேர். குடி இல்லை, கோவம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நிரந்தரமாக்கலாம்." டிரெக்டரும் சம்மதித்தார். இத்தனை சந்தோசம் நாகேந்திரத்துக்கு வந்து நாளாகியிருந்தது. காலி வீதியில் லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

உள்ளே அறைக் கதவு சாத்தியிருந்தது. அருந்ததி விம்மும் சத்தம் கேட்டது. பத்மாவதியின் கண்களும் சிவந்திருந்தன.

"என்ன நடந்தது?"

"எல்லாம் சரிவந்த பிறகு உங்களுக்குச் சொல்லுவமெண்டு இருந்தனப்பா. பிள்ளை தானே விரும்பின பெடியன். தரகரை விட்டு விசாரிச்சன். குடிகாரனாம், முழங்காலும் போச்சுதாம்."

"ஆர் சொன்னது?" என்று நாகேந்திரம் சீறினார்.

கதிரையில் குடையைச் சாத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த தரகர் திரும்பிப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

"அம்மா, நீங்கள் நம்பேல்லை. இந்தா, சொன்ன ஐயாவே வந்திட்டார்!"