ஓட்டை உண்டா, இல்லையா: ஒரு ஜனநாயக முடிவு

வாரிண்டா ஷயர் கவுன்சில் என்ற உள்ளூராட்சியின் இணையதளத்தில் ஊர்மக்கள் குறை எழுத ஒரு பெட்டி உண்டு. அதை இயக்கும் பிளகின் என்ற துணைமென்பொருள் ஆறு வருடப் பழசு; அதில் ஓர் ஓட்டை. அந்தப் பெட்டியில் குறைக்குப் பதிலாக எவனாவது கணினிக் கட்டளையை எழுதிவிட்டால், பக்கத்தைத் திறப்பவர் பெயரிலேயே அது நிறைவேறிவிடும். திறந்தவருக்கே தெரியாது.

குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று கேட்க நெவில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். திறந்த நொடியில் பிஸ்கட் என்ற அவருடைய நாய்க்குக் கவுன்சிலில் இருந்த பதிவை அவரே ரத்து செய்ததாக ஏறிவிட்டது. பதிவில்லாத நாய் என்று, நாய் பிடிக்கும் கவுன்சில் அதிகாரியான ரேஞ்சர் அதைப் பிடித்துக் காப்பகத்தில் அடைத்தார். வெள்ளிக்கிழமை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இணையதளப் பிரிவின் தற்காலிக ஊழியர் இமோஜென் காரணத்தைக் கண்டுபிடித்தாள். பிளகினைப் புதுப்பிக்க இரண்டே நிமிடம். அனுமதி கேட்டு இடர் மேலாளர் கிரேமிடம் போனாள்.

"என் ஈமெயில் பாத்தீங்களா?"

"தலைப்புல ஓட்டைன்னு இருந்துச்சு. அதான் திறக்கல," என்றார் கிரேம், சாசேஜ் ரோலில் சாஸ் பிழிந்தபடி. "ரோட்டுல குழி இருக்குன்னு தெரிஞ்சாத்தாம்மா கவுன்சில் பொறுப்பு. தெரியாத குழிக்கு யாரும் கேஸ் போட முடியாது. முப்பது வருஷமா இப்படித்தான் ரோட்டைப் பராமரிக்கிறோம்."

"அது ரோட்டைப் பாத்தாலே தெரியுது. சரி, வாயாலயே சொல்றேன். ஓட்டை இருக்கு. நெவிலோட நாய் உள்ள கிடக்கு."

கிரேம் ரோலைக் கீழே வைத்தார். "கெடுத்தியே. இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

தெரிந்துவிட்டபடியால் உரிய நடவடிக்கை உடனே தொடங்கியது. அந்தப் பக்கத்தில், ரோட்டுக் குழிக்கு முன் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பின் படம் ஒட்டப்பட்டது. 'கட்டளை எழுதுவோர் அன்புகூர்ந்து வேறிடத்தில் எழுதவும்' என்று அறிவிப்பும் வந்தது. ஓட்டை இருப்பதாக ஓர் ஊழியர் மட்டும் சொன்னால் போதாது, ஊரே சொல்ல வேண்டும் என்று வாக்கெடுப்பும் வைத்தார்கள், அதே பக்கத்தில்.

"திறந்தாலே ஆபத்துங்கிறேன், அங்கயே கூட்டம் சேக்கிறீங்க."

"கூட்டம் வர்ற இடத்துலதானே வாக்குப்பெட்டி வைக்கணும்?"

வெள்ளிக்கிழமை காலை முடிவு வெளியானது. ஓட்டை இல்லை: 4,112. உண்டு: பூஜ்யம்.

"எப்படிங்க? நான் உண்டுன்னு அமுக்கப் போறதுக்குள்ளயே, 'வாக்களித்தமைக்கு நன்றி'ன்னு வந்துடுச்சு."

"எனக்கும் அப்படித்தான். நல்ல வேகமான தளம்." கிரேம் பட்டியலில் அவள் பெயரைத் தொட்டுக் காட்டினார். "பாரு, நீயே இல்லைன்னு சொல்லியிருக்க. அப்புறம் எதுக்கு என்னோட சண்டை?"

அவள் காப்பகத்துக்கு ஓடியபோது, நெவில் கழுத்துப்பட்டையும் கையுமாக நின்றிருந்தார். ரேஞ்சர் நல்ல மனுஷன்; குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"ஓட்டை இல்லைன்னு நீங்களே வாக்குப் போட்டிருக்கீங்க, நெவில். அப்ப பிஸ்கட்டை வேண்டாம்னு எழுதினது வேற யாரு?"

கூண்டைத் திறந்து பிஸ்கட்டை வேறு வீட்டாரின் வண்டியில் ஏற்றினார்கள்.