ஒன்பது கடைக்கும் ஒரே கை

உப்பைப் போட்டாயிற்றா, இல்லையா? டிரம்மில் கிடந்த சிவப்புப் பொடியைப் பார்த்தபடி முதலாளி உறைந்து நின்றார்.

அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தாம் நிறுவிய வறுத்த கோழிக் கடைகள் ஒன்பதுக்கும் வேண்டிய மசாலாவைத் திங்கள்தோறும் அவர் ஒருவரேதான் கலப்பார். மனைவிக்குக்கூட உள்ளே இடமில்லை. ஒவ்வொரு கடைச் சுவரிலும் அவர் படம். அதன் கீழே அவர் வாக்கு: 'இந்த ருசியில் என் கை தவிர வேறு கை பட்டதில்லை. ருசி மாறினால் இந்தப் படத்தை நானே கழற்றுவேன்.' சொன்ன சொல் தவறாத குடும்பம். இன்று கலக்கும்போது நடுவில் போன் வந்ததுதான் வினை.

ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். சளி பிடித்த நாக்குக்கு உப்பும் ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு படி உப்பைக் கொட்டினார். கொட்டிய பிறகு, முன்பே போட்டது போலவும் ஒரு நினைவு வந்தது. அதை அமுக்கச் சர்க்கரை. சர்க்கரையை அமுக்க மிளகாய்த்தூள். மிளகாயை அமுக்க எதைப் போடுவது என்று யோசிக்கையில் வியர்த்துவிட்டது.

கடை வேனில் ஏற்றுவதற்காக டிரம்மை வாசலில் உருட்டி வைத்துவிட்டு, ஒரு கரண்டிப் பொடியுடன் சமையலறைக்குப் போனார். அங்கே இருந்தது மாமியார் மட்டும்தான். வேலையாட்களுக்குப் பெரியம்மா, முதலாளிக்கோ, 'சுடுதண்ணிகூடப் பதமா வைக்கத் தெரியாதவங்க.' விருந்தாளிகள் முன்னாலேயே சொல்வார்.

"அத்தை, இதைக் கொஞ்சம் ருசி பாருங்க. சும்மாதான்."

"நானா? என் நாக்கை நம்புறீங்களா மாப்பிள்ளை?"

"சளிங்க. வேற வழியில்லை."

மாமியார் நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார்.

"எப்பவும் போலத்தான் இருக்கு."

"நிஜமாவா?"

"சத்தியமா."

இந்த வாயின் தீர்ப்பை நம்பி மானத்தை விடுவதா? டிரம்மைத் திரும்ப எடுக்க வாசலுக்கு ஓடினார். டிரம் இல்லை. வேன் போய்விட்டது.

ஓட்டுநருக்குப் பதினோரு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் வேலை போய்விடும் என்று உத்தரவு போட்டவர் அவரேதான்.

கடைக்குக் காரில் கிளம்பியவரைத் தெருமுனையில் பக்கத்து வீட்டுக்காரர் மறித்தார். "ஐயா, ஊரெல்லாம் எலித் தொல்லை. நம்ம தெருவில் மட்டும் ஒண்ணு கிடையாது. எப்படிங்க?"

"வீட்டு ஒழுங்குங்க, ஒழுங்கு!" என்று கத்திக்கொண்டே பறந்தார்.

முதல் கடையில் கூட்டம் நெரிந்தது. எண்ணெய் கொதித்தது.

"அடுப்பை நிறுத்து!"

மேலாளர் ஓடி வந்தார். "ஏங்க? புது டிரம் இப்பத்தான் உடைச்சோம். பிரமாதமா இருக்கு."

"சம்பளம் வாங்குற வாய் வேற என்ன சொல்லும்? நிறுத்துய்யா!"

அடுப்பு அணைந்தது. கூட்டம் முணுமுணுத்தது. "காசை வாங்கிட்டு அடுப்பை அணைக்கிறதா? யாருய்யா இந்த ஆளு?"

யாரா? முதுகு நிமிர்ந்தது. நாற்காலி மேல் ஏறினார்.

"நான்தான் முதலாளி. இன்னிக்கு மசாலாவைக் கெடுத்துட்டேன். தப்பு என்னோடது. சொன்ன சொல்லைக் காப்பாத்துறேன்."

படத்தைக் கழற்றினார்.

மூலையில் ஒரு பெண், எலும்பைக் கடித்தபடி கேட்டாள்: "எதைக் கெடுத்தீங்க? இத்தனை வருஷத்துல இவ்வளவு நல்லா நான் சாப்பிட்டதே இல்லையே!"

"ஆமா, ஆமா!" என்றன பல வாய்கள்.

முதலாளிக்குத் தலை சுற்றியது. இத்தனை பேருமா பொய் சொல்வார்கள்? இல்லை, இரட்டை உப்பும் சர்க்கரையும் சேர்ந்து ஏதோ அற்புதம் செய்துவிட்டதா? தப்பிலும் மணக்கிற கைதானோ இது? நெஞ்சு மெல்ல விரிந்தது. படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டக் கையை உயர்த்தினார்.

அப்போதுதான் ஓட்டுநர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"ஐயா, பதினோரு தடவை கூப்பிட்டிருக்கீங்களே! என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லைப்பா. என் டிரம் பத்திரமா வந்து சேர்ந்துச்சான்னுதான்."

"உங்க டிரம்மா? அது வண்டியிலேயே இருக்குங்க. பன்னிரண்டு வருஷமா கடைக்கு வர்றது பெரியம்மா பின்வாசல்ல ஏத்தி விடுற டிரம், உங்களோடதைத்தான் நம்ம தெருவுல எலிக்குத் தூவுறோமே!"